போயா நாள் வழிகாட்டி

ஓகஸ்ட் மாதம் மட்டக்களப்பில் இரண்டு காற்று அடிக்கும். ஒன்று கச்சான். மலைநாட்டைத் தாண்டும்போதே ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, வெறும் சூட்டையும் புழுதியையும் எங்களுக்குக் கொண்டுவரும். மற்றது வெளிநாட்டுக் காற்று. ஐரோப்பாவில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலி என்று சொந்தக்காரர் வந்து இறங்குவார்கள். கச்சானுக்கு மோர் குடித்துச் சமாளிக்கலாம். வந்தவர்களுக்கு ஊர் காட்டவேண்டும். அதற்கு மோர் போதாது.

ஊரில் இருப்பவனுக்கு ஊர் காட்டத் தெரியும் என்று யார்தான் முதலில் சொல்லிவைத்தாரோ! எனக்குத் தெரிந்த மட்டக்களப்பு வேறு. எந்த வங்கியில் எத்தனை மணிக்குப் போனால் வரிசை குறைவு, சந்தையில் யாரிடம் வாங்கினால் கீரை வாடியிருக்காது, கொழும்பிலிருந்து எந்த டொக்டர் சனிக்கிழமை வருவார், மாரியில் எந்த ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். இதுதான் என் ஊர். இதில் ஒன்றையும் படம் பிடித்துப் போட முடியாது.

அப்படியிருந்தும் போன ஓகஸ்டில் வழிகாட்டி வேலைக்கு நானாகவே முன்வந்தேன். காரணம், பலர்மோவில் பட்ட கடன்.

என் அக்காவின் மகன் இத்தாலியில், சிசிலித் தீவின் பலர்மோ நகரில் இருக்கிறான். இலங்கைத் தமிழர் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும் ஊர் அது. பெரும்பாலும் வீட்டு வேலைக்கும் வயோதிபரைப் பராமரிக்கும் வேலைக்கும் போய் நிலைகொண்டவர்கள். சில வருடங்களுக்கு முன் நானும் மனைவியும் அங்கே போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எங்களுக்கு ஊர் காட்டினான். விடியவே எழுப்பிப் பெல்லகிரினோ மலைக்கு ஏற்றினான். சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகைக் கோயில் அங்கே இருக்கிறது. 1624இல் பலர்மோவில் கொள்ளைநோய் பரவியபோது அவருடைய எலும்புகளை அந்த மலையில் கண்டெடுத்து, நகரைச் சுற்றிப் பவனி கொண்டுபோக, நோய் விட்டது என்பது அவ்வூர் நம்பிக்கை. நேர்த்தி வைத்தால் பலிக்கும் என்று கேட்டால் எங்கள் சனம் சும்மா இருக்குமா? ஞாயிறு காலையில் அந்த மலைப்பாதையில் வெறுங்காலோடு ஏறும் தமிழரைக் காணலாம். வேதக்காரர் மட்டுமில்லை, சைவக்காரரும்.

இறங்கி வந்தபின் நகரம். நாற்சந்தியின் நான்கு மூலையிலும் நிற்கும் சிலைகள், பலரோ சந்தை, மாசிமோ நாடகசாலை. “இத்தாலியிலயே பெரிய ஒபெரா அரங்கு இதுதான் மாமா. 1897இல் திறந்த” என்று போகிற போக்கில் சொன்னான். எந்தத் தேவாலயத்தை மத்தியானம் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதுகூட அவனுக்குப் பாடம். அன்று முழுவதும் நாங்கள் ஒரு பூட்டிய கதவையும் பார்க்கவில்லை.

நான் நடந்துகொண்ட விதத்தையும் சொல்லவேண்டும். மத்தியானம் அந்த ஊரின் பெயர்போன சாப்பாடு என்று சாளை மீன் போட்ட பாஸ்தா எடுத்துக் கொடுத்தான். உள்ளே பெருஞ்சீரக இலை, ஒருவகைப் பருப்பு, அதோடு பிளம்ஸ். கேக்குக்குள் போடுகிற அதே பிளம்ஸ்! மீனுக்குள் பிளம்ஸ் கிடக்கிறது என்று நான் சத்தமாகச் சொன்னேன். பிறகு மிளகாய்த்தூள் கேட்டேன். பிறகு கேட்காமல் வைத்த பாணுக்கும் மேசைவிரிப்புக்கும் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று பில்லில் போட்டதைக் கண்டு கணக்குப் பேசினேன். கடைசியாகச் சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சீனோ கேட்டேன். அங்கே அது காலையில் மட்டும் குடிப்பது. பரிமாறியவர் என்னைப் பார்த்த பார்வைக்கும் பில்லில் ஏதாவது போட்டிருந்தால் நியாயம்தான்.

மருமகன் ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. “நீ ஊருக்கு வா, நான் காட்டுறன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்துவிட்டான். மனைவியோடும், நாலாம் வகுப்புப் படிக்கும் மகளோடும்.

ஊர் காட்டுவதற்கு நான் தெரிந்தெடுத்தது பௌர்ணமி நாள். அதில்தான் என் கெட்டித்தனம் முழுவதும் இருந்தது. எங்கள் வாவியில் மீன் பாடும் என்பது உலகறிந்த சங்கதி. ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில், முழுநிலவு இரவில், கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் என்பார்கள். பலர்மோவில் ஒபெரா அரங்குதான் இருக்கிறது. எங்களிடம் ஒபெராவே தண்ணீருக்குள் இருக்கிறது. பகலில் இடங்கள், மத்தியானம் வாவிக்கரையில் மீன் சாப்பாடு, இரவில் மீன் பாட்டு என்று திட்டம் போட்டேன். வருடங்களெல்லாம் ஒரு துண்டில் எழுதிச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தேன். மனைவி மட்டும், “போயா அண்டைக்கா போகப்போறீங்க? நிலவு நாளில...” என்று தொடங்கினாள். “நிலவுக்குத்தானே போறம்” என்று முடித்துவைத்தேன். அவள் பிட்டு அவிக்கப் போய்விட்டாள்.

போயா என்றால் இலங்கையில் பொது விடுமுறை. சாராயக்கடை பூட்டு, இறைச்சிக்கடை பூட்டு, கந்தோர் பூட்டு. இது எனக்குத் தெரியாததில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவனுக்குப் போயா தெரியாமல் இருக்குமா? லீவாகத் தெரியும்.

வான் பிடித்தோம். ஓட்டுநர் காத்தான்குடி நானா. அமைதியான மனிதர். ஏறிய உடனே நான் தொடங்கிவிட்டேன். கல்லடிப் பாலம். 1924இல் கட்டிய இரும்புப் பாலத்துக்கு ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரை வைத்தார்கள். பக்கத்தில் ஓடுகிற புதுப்பாலம் 2013இல் திறந்தது. இதுவரை துண்டைப் பார்க்காமலே சரியாகச் சொன்னேன். அந்தத் துணிச்சலில் கோட்டைக்குப் போய் இறங்கினேன்.

கோட்டை என்றால் எனக்குக் கச்சேரி. நான் வேலை செய்த காலத்தில் மாவட்டக் கச்சேரி அந்த மதிலுக்குள்தான் இருந்தது. கிளாக்கராக உள்ளே போய்ப் பென்சன்காரனாக வெளியே வந்தவன் நான். எந்த மேசையில் காணிப் பெர்மிட், எந்த மூலையில் தேத்தண்ணி, எந்த யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தால் மத்தியானத்தில் வாவிக்காற்று வரும் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பீரங்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அதன் நிழலில் சைக்கிள் விட்டால் இருக்கை சுடாது என்பதுதான்.

“தாத்தா, இது ஆர் கட்டின?” என்று சின்னவள் கேட்டாள்.

“ஒல்லாந்தர். 1628இல்.”

“போர்த்துக்கேயர் மாமா” என்றான் மருமகன், போனைப் பார்த்தபடி. “1628இல் போர்த்துக்கேயர் கட்டின. 1638இல் கண்டி ராசா இரண்டாம் இராஜசிங்கனோட சேர்ந்து ஒல்லாந்தர் பிடிச்ச. இலங்கையில அவங்க பிடிச்ச முதல் கோட்டை இதுதானாம்.”

துண்டை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள் என்பதை அவன் சொல்வதற்கு முன் அவசரமாகச் சொல்லி ஒரு புள்ளி எடுத்தேன்.

வாயிலுக்கு மேலே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. வி.ஓ.சி. என்று மூன்று எழுத்து. மனைவி அண்ணாந்து பார்த்து, “இது நம்மட வ.உ.சி.யா?” என்றாள். வந்தவர்களுக்கு முன்னால் மானம் போகிறதே என்று, “சும்மா இரி” என்று அடக்கினேன். இரவு படுக்கையில்தான் உறைத்தது, அவள் கேட்டது அவ்வளவு பிழையில்லை என்று. சிதம்பரம்பிள்ளையும் கம்பெனி தொடங்கிக் கப்பல் விட்டவர்தான். 1906இல் தொடங்கிய அந்தச் சுதேசிக் கம்பெனியின் கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடியது. கப்பல் விட்ட ஒரு வி.ஓ.சி.க்குக் கோட்டை கிடைத்தது, மற்ற வ.உ.சி.க்குச் செக்கு கிடைத்தது. இதை அங்கேயே சொல்லியிருந்தால் நான் எவ்வளவு பெரிய வழிகாட்டி! பத்து மணிக்கு வரவேண்டிய புத்தி இரவு பன்னிரண்டுக்கு வந்தால் என்ன செய்ய?

வெளியே வந்து வாவிக்கரையில் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலையைக் காட்டினேன். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிசனறி. வந்த வருடமே பள்ளிக்கூடம் தொடங்கினார். அதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அடுத்த வருடம் ஏப்ரல் முதலாம் திகதி இறந்துபோனார். ஒரு வருடம்கூட முழுதாக இல்லாத மனிதர் ஒரு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் கச்சேரியில் இருந்தவன் என்னத்தை விட்டுவிட்டு வந்தான் என்று மருமகன் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

அடுத்தது கொக்கட்டிச்சோலை. மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளம். சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. சந்தையும் கந்தோரும் எழுவானில், வயலும் மாடும் தயிரும் படுவானில். முன்பு மண்முனையில் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். மோட்டார் சைக்கிள், மாடு, கலியாணப் பொம்பிளை எல்லாம் ஒரே பலகையில். 2014இல் பாலம் வந்தது. இந்தக் கதையைப் பாலத்தில் ஏறியதும் தொடங்கினேன். பொம்பிளை பாதையில் ஏறுவதற்குள் வான் அக்கரை போய்விட்டது. “மறுகா என்ன நடந்த?” என்று மருமகனின் மனைவி மரியாதைக்குக் கேட்டாள். மறுகா ஒன்றும் நடக்கவில்லை.

தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானப் பூசை முடிந்து நடை சாத்தியாகிவிட்டது. பலர்மோவில் எங்களுக்காக நேரம் பார்த்து வைத்தவன் என் பக்கத்தில் நின்று பூட்டைப் பார்த்தான். நான் நந்தியின் கதையைச் சொல்லிச் சமாளித்தேன். கோயிலை இடிக்க வந்த பறங்கித் தளபதி, “உங்கட கல்லுமாடு புல்லுத் தின்னுமா?” என்று கேட்டானாம். பூசகர் புல்லை நீட்ட, கல் நந்தி எழும்பித் தின்று சாணமும் போட்டதாம். படுவான்கரையில் இதை நம்பாத ஆளில்லை. சின்னவள் கவனமாகக் கேட்டுவிட்டு, “இப்ப அதுக்குப் பசிக்கலியா?” என்றாள். தனக்குப் பசிக்கிறது என்பதை அவ்வளவு நாகரிகமாகச் சொல்லப் பலர்மோவில் கற்றுக்கொடுக்கிறார்கள் போலும்.

திரும்பும் வழியில் றோட்டோரம் தயிர்ச் சட்டிகள். இதில் தோற்க வழியில்லை என்று நினைத்தேன். மட்டக்களப்பு எருமைத் தயிரைப் பற்றிப் பெருமை பேசாத மட்டக்களப்பான் கிடையாது. நல்ல தயிரென்றால் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் விழாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம். நானும் நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். கவிழ்த்துப் பார்த்ததில்லை.

ஒரு சட்டியை வாங்கி மேல்தாளை உரித்தேன். மஞ்சள் பாரித்த ஆடை, விளிம்போடு ஒட்டிக்கொண்டு, நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. சட்டியின் அடி மண் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. கடைக்கார அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, “ஐயா, இது காலத்தால உறைஞ்ச...” என்றார். நான் கேட்கவில்லை. மருமகனிடம் போனை எடுத்து வீடியோ பிடிக்கச் சொன்னேன். கவிழ்த்தேன். தயிர் நின்றது. உண்மையாகவே நின்றது. ஆடை மட்டும் கொஞ்சம் விம்மியது. “பார்த்தியா?” என்று சின்னவளைத் திரும்பிப் பார்த்தேன். திரும்பும்போது கையும் திரும்பிவிட்டது. விளிம்பில் ஒரு கீற்று விட்டது; அதற்குப் பிறகு முழுச் சட்டியும் ஒரே துண்டாக இறங்கி என் வேட்டியில் உட்கார்ந்து, உடைந்து, செருப்புக்குள் போனது.

வெள்ளை வேட்டியில் வெள்ளைத் தயிர். பார்வைக்குத் தெரியாது. ஈக்களுக்குத் தெரியும். அந்த வீடியோ இப்போது சிசிலி முழுவதும் எங்கள் சொந்தக்காரர்களின் போன்களில் இருக்கிறது. கடைக்கார அம்மா வாளியில் தண்ணீரும் இன்னொரு சட்டித் தயிரும் தந்தார். தயிருக்குக் காசு வாங்கினார், தண்ணீருக்கு வாங்கவில்லை. மற்றவர்கள் அந்தச் சட்டியை மடியில் வைத்துச் சீனி போட்டு, ஒரே கரண்டியை மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். தயிர் அருமை என்றார்கள். நான் வாய்க்குள் வைக்காமலே ஒப்புக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வாவிக்கரையில் ஒரு ஹோட்டல். பெயர் வேண்டாம், பிழை அவர்களிடம் இல்லை. யன்னலுக்கு வெளியே தண்ணீர் மினுங்குகிறது. மேசைக்கு வந்த பொடியனிடம், வந்தவர்களுக்குக் கேட்கட்டும் என்று உரத்த குரலில், “தம்பி, வாவி நண்டு, இறால், நல்ல மீனா பார்த்து ஒரு பொரியல்” என்றேன்.

“மீன் இல்ல சேர்.”

“இறால்?”

“இண்டைக்கு வரல்ல. நண்டும் இல்ல. எக் பிரைட் ரைஸ் இரிக்கி. கோழி பிரிட்ஜில கிடக்கு, டெவல் போடலாம். பாஸ்தாவும் போடலாம்.”

56 கிலோமீட்டர் வாவிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீன் இல்லையா என்று கேட்டேன். அவன் யன்னலால் வாவியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். மருமகன், “அப்ப ஒரு பியராவது...” என்றான். போயா. அதுவும் இல்லை.

சின்னவள் பாஸ்தா கேட்டாள். பலர்மோப் பிள்ளை, மட்டக்களப்பில், பாஸ்தா! வந்தது. நன்றாகக் குழைய அவித்து, தக்காளி சோஸ் ஊற்றி, பச்சைமிளகாயும் சொசேஜும் வெட்டிப் போட்டு, மேலே சீஸ் தூவியிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை ஒரு வாய் வைத்தாள், தண்ணீர் குடித்தாள், இன்னொரு வாய் வைத்தாள். மீனுக்குள் பிளம்ஸ் கிடக்கிறது என்று அந்நிய ஊரில் சத்தம் போட்டவனின் பேத்தி முறையானவள், சொசேஜை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, “நல்லா இரிக்கி தாத்தா” என்றாள். அப்போது என் வேட்டியிலிருந்து வந்த புளித்த வாசனையைப் பற்றியும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் முகத்துவாரம். பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது. அது அங்கேயே நின்றது, அந்த அளவுக்கு வெற்றி. வாவி கடலோடு கலக்கும் இடத்தைக் காட்டுகிறேன் என்று கரை நெடுக நடத்திக்கொண்டு போனேன். கோடையில் மண்மேடு வைத்து வாய் அடைத்துக்கொள்ளும், மாரி வெள்ளத்துக்கு வெட்டிவிடுவார்கள் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். வெள்ளக் காலத்தில் எப்போது வெட்டுவார்கள் என்று கச்சேரியில் சனம் வந்து சத்தம் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஓகஸ்டில் அங்கே தண்ணீரை எதிர்பார்த்துப் போனேன். வாவியும் கடலும் கலக்கும் இடத்தில் பொடியன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று நான் தடுமாறாமல் பேசிய ஓர் இடம் உண்டென்றால் அது கல்லடி உப்போடை, விபுலாநந்த அடிகளின் சமாதி. 1892இல் காரைதீவில் பிறந்தவர்; அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர்; பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். பழந்தமிழர் யாழ் எப்படி இருந்தது என்று இலக்கியத்தையும் கணக்கையும் வைத்துக்கொண்டு பல வருடம் ஆராய்ந்து யாழ்நூல் எழுதினார். 1947இல் நூல் அரங்கேறிய சில வாரத்தில் மறைந்தார். எங்கள் வாவியின் ஓசையை நீரரமகளிர் பாட்டாகக் கேட்டவரும் அவர்தான். இதையெல்லாம் துண்டு பார்க்காமல், நிறுத்தாமல், எனக்கே ஆச்சரியமாகச் சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தேன். சின்னவள் தகப்பனின் தோளில் நித்திரை.

நிலவு ஏறியதும் கல்லடியில் தோணி ஏறினோம். பிள்ளையை எழுப்பிக்கொண்டுதான். தோணிக்காரர் வயதானவர், அதிகம் கதைக்காதவர். பழைய பாலத்தில் தூண்டில்காரர் நின்றார்கள். புதுப்பாலத்தில் லொறியும் பஸ்ஸும் ஓடின. பாலத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய்த் தோணியை நிறுத்தினார். துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, மற்ற நுனியைக் காதோடு வைக்கவேண்டும். மரத்தின் வழியாக ஓசை ஏறும். சின்னவள் அதைக் காதில் வைத்தாள். பிறகு போனையும் அதே நுனியில் அழுத்திப் பதிவு செய்தாள்.

நான் பின்னணி கொடுக்கவேண்டாமா? கொடுத்தேன். 1848இல் இங்கே வந்த குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இதே ஓசையைக் கேட்டுத் தன் புத்தகத்தில் எழுதினார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது வருகிற நாதத்தைப் போன்றது என்றார். ஊரிச் சங்குதான் பாடுகிறது என்று அந்தக் காலத்து மீன்காரர் அவருக்குச் சொன்னார்கள். 1950களில் அமெரிக்க யேசுசபைப் பாதிரியார் லாங் தண்ணீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிவு செய்தார். பாடுவது மீனா, ஊரியா, கல்லிடுக்கில் ஓடும் தண்ணீரா என்று ஆளுக்கொரு கட்சி. நான் மீன் கட்சி.

“மாமா, கொஞ்சம்...” என்றான் மருமகன். “இரி, அந்தப் பாதிரியார் கதை முடியல்ல” என்றேன்.

பிறகு துடுப்பு என் கைக்கு வந்தது. காதில் வைத்தேன். எனக்குக் கேட்டது என்ன என்று சத்தியமாகச் சொல்வதானால், தயிர்ச்சட்டிக்குப் பிறகு என் காதில் ஓடிக்கொண்டிருந்த சிரிப்புச் சத்தம்தான். “ஆ, கேக்குது” என்றேன். பிறந்ததிலிருந்து இந்த வாவிக்கரையில் இருக்கிறேன், மீன் பாடும் தேன்நாடு என்று கடிதத் தலைப்பில் எழுதியிருக்கிறேன். எனக்கு இதுவரை கேட்டதில்லை. கேட்டதா என்று யாரும் நெருக்கிக் கேட்டதுமில்லை.

கரைக்கு வரும்போது தோணிக்காரரிடம், வாவிக்கரையிலேயே மத்தியானம் மீன் கிடைக்கவில்லை என்று மனத்தாங்கலைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நிலவுக்கு மீன் படாது ஐயா. இருட்டு நாளிலதான் வெளிச்சம் வைச்சா மீன் கூடி வரும். இப்ப வானத்துலயே வெளிச்சம் கிடக்கு, நம்மட லாம்புக்கு ஏன் வருது? நண்டும் அப்படித்தான், நிலவு நண்டில சதை இரிக்காது எண்டுவாங்க. தொழிலுக்குப் போறவன் பாதிப்பேர் இண்டைக்கு வலை பொத்துறான்.”

மனைவி ஒன்றும் பேசவில்லை. நான் திட்டம் போட்டபோது அவள் தொடங்கிய வசனத்தின் மிச்சம் இதுதான் என்பது அவள் பேசாததிலேயே தெரிந்தது. மீனைக் கேட்கும் நாளில் மீனைத் தின்ன முடியாது. இந்த ஊரில் இது தெரியாத ஒரே ஆள் அன்று வழிகாட்டியாக இருந்தான்.

வானில் ஏறியபின் சின்னவள் பதிவைப் போட்டாள். எல்லோரும் குனிந்து கேட்டோம். தண்ணீர் மரத்தில் தட்டும் சத்தம். ஒரு லொறி. பிறகு ஒரு குரல் தொடங்கியது. டெனன்ட், 1848, கண்ணாடிக் கிண்ணம், பாதிரியார் லாங், ஊரிச் சங்கு. பதிவு முடியும்வரை அந்தக் குரல் ஓயவில்லை. நடுவில் ஒரு இடத்தில், நான் மூச்செடுத்த நேரத்தில், மெல்லியதாக ஏதோ ஒன்று ‘ங்ங்’ என்று எழும்பியது. உடனே என் குரல் அதன்மேல் விழுந்து அமுக்கிவிட்டது. மருமகன் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். மீனாகவும் இருக்கலாம், புதுப்பாலத்துப் பஸ்ஸாகவும் இருக்கலாம்.

நானா முன்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: “போயா அண்டைக்கு மீன் கிடைக்காது எண்டு காலத்தால செல்லத்தான் பார்த்த சேர். நீங்க கதைச்சிட்டே வந்தீங்க.”

மருமகன் பலர்மோவுக்குத் திரும்பிவிட்டான். சின்னவள் தன் வகுப்பில் விடுமுறை பற்றி எழுதிய கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்ததாம். தயிர்தான் விஷயம் என்று கேள்வி.

வாசிக்கிறவர்களில் யாராவது மட்டக்களப்புக்கு வருவதாக இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் வாருங்கள். முதலில் அமாவாசையை ஒட்டி ஒரு நாள் வைத்து நண்டும் இறாலும் மீனும் வயிறாரச் சாப்பிடுங்கள். பாட்டுக் கேட்கப் பௌர்ணமிக்கு வேறாக ஒரு நாள் வையுங்கள். அன்றைக்குச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். கொக்கட்டிச்சோலைக்குக் காலைப் பூசைக்குப் போங்கள். தயிர்ச்சட்டியைக் கவிழ்க்காமல் சாப்பிடுங்கள். கல்லடியில் கதைக்காத தோணிக்காரராகப் பார்த்துப் பிடியுங்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கவேண்டாம். நான் வரமாட்டேன் என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.